தலகாணி கோள் சொல்லும்

வெள்ளிமலையில் இரண்டு நாளைக்கென்று எடுத்த வாடகை வீட்டின் கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசம் அடித்தது, டப்பாவில் அடைத்து விற்கிற எலுமிச்சை, அந்த அறைக்குள் ஒரு எலுமிச்சம்பழம்கூட வந்துபோயிருக்காது என்று சத்தியம் செய்கிற எலுமிச்சை, அதைத் தாண்டிப் போய்க் கட்டிலில் சாய்ந்து, மலைப்பாதையின் வளைவுகளில் பிடித்துக்கொண்ட கழுத்துக்குத் தலையணையை இழுத்து வைத்தபோதுதான் அதற்கு அடியில் பதுங்கியிருந்த இன்னொரு வாசம் மெல்ல எழுந்து வந்தது. யாரோ ஒருவருடைய தலை. தேங்காயெண்ணெய், நாள்பட்ட வியர்வை, கூந்தல் சாயத்தின் கசப்பு, ஈரம் ஏறிய பஞ்சு, எல்லாம் சேர்ந்து, முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு முன்னாலேயே அங்கே படுத்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோனது போல இருந்தது, நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி அதற்குள் தன் சோதனையை முடித்திருந்தாள். பெட்டியைக் கட்டில்மேல் வைக்க விடவில்லை, முதலில் ஸ்டூல், அப்புறம்தான் மற்றதெல்லாம், கைபேசி வெளிச்சத்தில் மெத்தையின் நாலு மூலையையும் தூக்கித் தையல் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தாள், கட்டில் சட்டம் சுவரைத் தொடும் இடத்தைப் பார்த்தாள், குளியலறைச் சல்லடையில் சுருண்டுகிடந்த முடியைக் காகிதத்தில் எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினாள். "பூச்சி கிடையாது, டவல் நம்மளுது போதும், தலகாணிக்கு உறைய மட்டும் மாத்தியிருக்காங்க, தலகாணிய மாத்தல" என்று தீர்ப்புச் சொன்னாள். வீட்டைக் கைபேசியில் பதிவு செய்து கொடுத்த மகன் பெங்களூரிலிருந்து பேசினான், "அப்பா, இப்பவே போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடுங்க, நாளைக்குச் சொன்னா நீங்களே பண்ணதும்பாங்க." அவன் சொன்னது சரிதான், குறை சொல்ல வேண்டுமானால் பையைப் பிரிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், தங்கி முடித்துவிட்டுச் சொல்கிற குறைக்கு ஊரில் மரியாதை கிடையாது. ஆனால் வாசனையை எப்படிப் படம் எடுப்பது? வெள்ளை உறையில் இருந்த தலையணையை எடுத்து அனுப்பினேன். "க்ளீனாதானே சார் இருக்கு" என்று பதில் வந்தது, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை.

ஆயா இருந்திருந்தால் படம் கேட்டிருக்க மாட்டாள், மூக்கைத்தான் கேட்டிருப்பாள். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து ராத்திரி தங்குவதென்றால், பரண்மேல் மூட்டையாகக் கட்டிவைத்த விருந்தாளித் தலகாணிகளை இறக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கி முகத்தில் வைத்து ஒரு மூச்சு இழுப்பாள், பேரக்குழந்தையை உச்சி முகர்வது போலத்தான் இருக்கும், ஆனால் முகத்தில் கொஞ்சலே இருக்காது, சந்தையில் புளி வாங்குகிறவளின் முகம், பிடிக்காததைத் தூர எறிந்துவிடுவாள். "தலகாணி கோள் சொல்லும்டா" என்பாள். யார் படுத்தது, தலைக்குக் குளித்து எத்தனை நாளாயிற்று, காய்ச்சலில் கிடந்தவரா, அழுதாரா என்பதுவரை அது சொல்லிவிடுமாம். சித்தி ஒருத்தி புருஷன் வீட்டிலிருந்து வந்து நாலு நாள் இருந்து போனபின், அவள் தலகாணியை மோந்துவிட்டு ஆயா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தாத்தாவைக் கூப்பிட்டு உள் அறைக்குள் போனதும், அடுத்த நாளே தாத்தா சித்தி ஊருக்குப் பஸ் ஏறியதும் எனக்கு நினைவிருக்கிறது.

அதெல்லாம் இலவம்பஞ்சுத் தலகாணிகள், பங்குனியில் இலவங்காய் வெடிக்கும்போது பஞ்சை எடுத்து, விதை பொறுக்கி, கொல்லையில் பாய் விரித்துக் காயப்போட்டால் வீடு முழுக்க வெள்ளைத் தூசு பறக்கும், தும்மல் நிற்காது. வெயில் படாத இலவம்பஞ்சு ஒரே மழைக்காலத்தில் கட்டிதட்டிப் போய்விடும், வெயில் பட்டால் உப்பிக்கொண்டு எழும், அதனால் செவ்வாய், வெள்ளி தவிர்த்த நாட்களில் ஒன்பது மணிக்கு மேல் தலகாணிகள் கொல்லைச் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும், பன்னிரண்டு மணிக்கு ஒரு புரட்டு, மூன்று மணிக்கு எடுத்துவிடுவாள், அதற்குமேல் விட்டால் பனி இறங்கிவிடும் என்பாள், பங்குனி வெயிலில் மூன்று மணிக்கு என்ன பனி என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. எடுத்து வைத்த தலகாணியில் கன்னம் வைத்தால் சுடும், அந்தச் சூட்டுக்கு ஒரு வாசம் உண்டு, வறுத்த எள்ளுக்கும் காய்ந்த வைக்கோலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று, எந்த டப்பாவிலும் இன்னும் அதை அடைக்க முடியவில்லை.

சுத்தக்காரி என்று ஊரில் ஆயாவுக்குப் பேர். அந்தப் பேரை அவள் ஒருத்தியே சம்பாதிக்கவில்லை என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது. உறைகளையும் துப்பட்டிகளையும் மூட்டை கட்டி எடுத்துப்போய், உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்து, ஆற்றில் அடித்துத் துவைத்து வெளுத்துக் கொண்டுவந்து போட்டது ஒரு குடும்பம், அந்த அம்மாள் சாயந்திரம் கொல்லைப்புறமாக வந்து நின்று சோறு வாங்கிப்போவாள், அவள் உட்கார எங்கள் வீட்டில் பாய் கிடையாது. சந்தை நாளில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், புளியும் கடுக்காயும் சாமையும் தேனும் தலையில் சுமந்து வந்து தாத்தாவுக்குப் போட்டுவிட்டு, இருட்டிவிட்டால் எங்கள் வெளித்திண்ணையில் படுத்து விடியலில் மலையேறுவார்கள், அவர்களுக்கென்று தனியாக இரண்டு கோரைப்பாய் இருந்தது, தலகாணி இல்லை, அவர்கள் எழுந்துபோனதும் ஆயா திண்ணையைச் சாணம் போட்டு மெழுகிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். வாசலில் படுத்தவரைப் பட்டினியாக ஒருநாளும் அனுப்பியதில்லை, அதையும் சொல்ல வேண்டும், கூழோ களியோ கொடுத்துத்தான் அனுப்புவாள். இரண்டும் ஒரே கைதான் செய்தது.

அப்பா வேறு மாதிரி. அவர் மோந்து பார்க்கிறவர் அல்ல, தீக்குச்சிக்காரர். ஹைகோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு எங்கள் குடும்பத்தின் ஒரு தலைமுறைச் சேமிப்பைத் தின்றுகொண்டிருந்த காலம், 1973-ல் ஒருமுறை என்னையும் மெட்ராசுக்குக் கூட்டிப்போனார், விழுப்புரத்தில் ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கி, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் நாள் வாடகைக்கு அறை எடுத்தோம், இரும்புக் கட்டிலில் நாடா பின்னி, அதன்மேல் நடுவில் குழி விழுந்த பஞ்சு மெத்தை, ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், கட்டில்மேல் எதையும் வைக்காதே என்றார், பையன் கூஜாவில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, மெத்தையின் தையலைப் பிரித்துப் பிடித்து, ஒரு தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை அந்தப் பள்ளத்தில் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நிதானம், மூலைக்கு வந்ததும் நின்றார். தட்டையான கொள்ளு மாதிரி ஒன்று தடுமாறி வெளியே வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. சுவரில், தலைமாட்டுப் பக்கம், பழைய விருந்தாளிகள் ராத்திரியில் கட்டைவிரலால் இழுத்த பழுப்புக் கோடுகள் இருந்தன, ஒவ்வொரு கோடும் ஒருவர் தூக்கம்.

நான் ஒன்றை நசுக்கினேன், நசுக்காதே என்று அவர் சொல்லி முடிப்பதற்குள். அந்த நாற்றம் விரலை விட்டுப் போகவில்லை, ராத்திரி மெஸ்ஸில் ரசத்தில் மிதந்த கொத்தமல்லித் தழையில் அதே நாற்றம் வந்து சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். பிற்பாடு எங்கேயோ படித்தேன், என் மூக்கு பொய் சொல்லவில்லை, மூட்டைப்பூச்சி விடும் நாற்றத்திலும் கொத்தமல்லித் தழையின் வாசனையிலும் ஒரே குடும்பத்து ஆல்டிஹைடுகள்தான் இருக்கின்றனவாம், வெள்ளைக்காரர்கள் கொத்தமல்லிக்கு வைத்த பேரே கிரேக்க மொழியில் மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார்கள். இன்றும் மனைவி ரசத்தை இறக்கித் தழையைக் கிள்ளிப் போடும் அந்த ஒரு கணம், திருவல்லிக்கேணி வந்து போகும்.

அப்பா மேனேஜரிடம் போய்ச் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. தரையில் தினமணியை விரித்தார், அதன்மேல் ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளம், அதன்மேல் தன் வேட்டி, விளக்கை அணைக்காமல் படுத்துக்கொண்டோம், அதற்கு வெளிச்சம் ஆகாது என்றார், அது முழு உண்மையல்ல, நம் மூச்சையும் உடம்புச் சூட்டையும் தேடி வருகிற பூச்சிக்குப் பசி எடுத்தால் விளக்கு ஒரு தடையா, ஆனால் அன்றைக்கு அந்த நாற்பது வாட் பல்பு எனக்குப் போதுமான காவலாக இருந்தது. காலையில் கிளம்பும்போது தினமணியை மடித்துக் குப்பையில் போட்டு, அறையைக் கையாலேயே கூட்டிவிட்டு, சாவியைக் கொடுக்கும்போது மட்டும் சொன்னார், "தம்பி, அந்தக் கட்டில கொஞ்சம் வெயில்ல போடுங்க." மேனேஜர் நல்ல மனிதர், சிரித்தார், "வெயிலுக்கு எங்க சார் போறது, திருவல்லிக்கேணில?" அப்பா சற்று நேரம் அந்தச் சந்தின் மேலே தெரிந்த ஒரு முழ வானத்தைப் பார்த்தார், ஆமாம் என்று தலையாட்டினார், வாடகையை எண்ணிக் கொடுத்தார்.

ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று பஸ்ஸில் கேட்டேன். "ஒரு ராத்திரி இருந்துட்டுப் போற எடத்துல போயி நியாயம் பேசறதா" என்றார். அது பெருந்தன்மையா, கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை, மகனிடம் கேட்டால் கோழைத்தனம் என்பான், அவன் கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்கிற தலைமுறை, நான் ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன்.

நடுவில் என்றால் உண்மையிலேயே நடுவில்தான், வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாகத் தொடங்கித் துணை வட்டாட்சியராக முடித்தவன், தங்கும் விடுதிக் கோப்புகளும் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றின் மூலத்தில் இருப்பது சராய் சட்டம், 1867-ம் வருஷத்தது, குதிரையும் மாட்டு வண்டியும் வந்து தங்கிய சத்திரங்களுக்காக வெள்ளைக்காரன் எழுதியது. விடுதியை மாவட்ட மாஜிஸ்திரேட்டின் பதிவேட்டில் பதிய வேண்டும், அறைகளையும் தாழ்வாரத்தையும் சாக்கடையையும் கிணற்றையும் நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும், திருடன் ஏறி வருவதற்கு வாகான மரக்கிளைகளை வெட்ட வேண்டும், தவறினால் இருபது ரூபாய்க்கு மிகாத அபராதம், அதற்குப் பிறகும் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய். மரக்கிளையை நினைத்தவனுக்குத் தலையணை தோன்றவில்லை, தோன்றியிருக்காது, அன்றைக்கு வழிப்போக்கன் தன் படுக்கையைத் தானே சுருட்டிக்கொண்டு வந்தான். என் மேசை தென்னாற்காட்டிலிருந்து 1993-ல் விழுப்புரம் மாவட்டமானது, நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், 2019 நவம்பரில், கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, ஊர் இருந்த இடத்தில் இருக்கப் பெயர்ப்பலகைதான் இரண்டு முறை மாறியது, சட்டம் மாறவில்லை, இருபது ரூபாயும் மாறவில்லை.

மூட்டைப்பூச்சியை டிடிடி ஒழித்துவிடும் என்று இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு உலகமே நம்பியது, பத்து வருஷத்துக்குள் பூச்சி அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டது, 2023-ல் பாரிசில் ரயில் இருக்கையிலும் சினிமாக் கொட்டகையிலும் அது இருக்கிறதென்று ஊரே பதறியபோது, ஒலிம்பிக் நடத்தப்போகிற ஊரில் இப்படியா என்று தொலைக்காட்சியில் ஆச்சரியப்பட்டார்கள், நான் அப்பாவின் தீக்குச்சியை நினைத்துக்கொண்டேன். ஐம்பது டிகிரிச் சூட்டுக்கு அது தாங்காது, முட்டையோடு சேர்த்துச் செத்துப்போகும், ஆயா தலகாணியைப் போட்ட கொல்லைச் சுவர் பங்குனியில் அதற்கு மேலேயே சுட்டிருக்கும், பாரிசில் அதே வேலைக்கு வெந்நீராவி இயந்திரம் கொண்டுவருகிறார்கள்.

இதெல்லாம் நினைத்தபடி வெள்ளிமலை வீட்டின் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், மேகம் இறங்கி வந்து மரவள்ளிக் காட்டின் பாதியை அழித்திருந்தது, கீழே கோடை விழாப் பந்தலிலிருந்து ஒலிபெருக்கி கேட்டது, எங்கோ யாரோ விறகு எரித்தார்கள். அந்தப் புகைதான் என்னை அதே மலையின் வேறொரு ராத்திரிக்கு இழுத்துப்போனது.

1970, பங்குனி, எனக்குப் பத்து வயசு, கடுக்காய் முன்பணம் கொடுக்கத் தாத்தா மலைக்குப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, அறுபதுகளில் கட்டிய கோமுகி அணையின் புதுச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டே நடந்து, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். மலை அப்போது இன்னும் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது, அரசு எடுத்துக்கொண்டது 1976-ல்தான். தாத்தா வாங்கிய கடுக்காய் ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடப் போகும், அவர் உடம்பிலும் கோணியிலும் செருப்பிலும் அந்தத் துவர்ப்பு வாசம் எப்போதும் இருக்கும், எங்களுக்கு அது பணத்தின் வாசம். இருட்டுகிற நேரத்துக்கு, அவருக்கு வாடிக்கையாகக் கடுக்காய் போடுகிற ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம், மண் சுவர், தலை குனிந்து நுழைகிற அளவுக்குத் தாழ்ந்த புல் கூரை, எங்கள் திண்ணையில் வந்து படுக்கிறவர்களின் வீடு.

வாசலில் அந்த வீட்டுக் கிழவி நின்றிருந்தாள், வாங்க என்றாள், ஆனால் வழிவிடவில்லை. "செருப்ப அங்கியே உடு மொதலாளி" என்றாள். தாத்தா விட்டார். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், கால் கழுவினோம், போதாது என்று குதிகாலைக் காட்டினாள், தாத்தா, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அவர் நடந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள், குனிந்து குதிகாலைத் தேய்த்தார். உள்ளே சாணமும் செம்மண்ணும் போட்டு மெழுகிய தரை கண்ணாடி மாதிரி குளுகுளுவென்று இருந்தது, ஒரு குப்பை இல்லை, அடுப்புப் புகை புகுந்து கூரை உள்ளே கருப்பாக மினுமினுத்தது. தாத்தா எங்கள் படுக்கையை அவிழ்த்தார், ஆயா வெயிலில் போட்டு, மோந்து பார்த்து, தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொடுத்த தலகாணி. கிழவி அதை எடுத்தாள், முகத்துக்கிட்டே கொண்டுபோனாள், ஒரு மூச்சு, அப்படியே தூரப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ்நாட்டு நாத்தம்" என்றாள். கோபமே இல்லாமல், மழை வரும் என்று சொல்வது போல. வெளியே கொண்டுபோய்ப் பலாமரக் கிளையில் மாட்டிவிட்டு வந்தாள், தாத்தாவின் துப்பட்டியையும்தான், அவை ராத்திரி முழுக்கப் பனியில் தொங்கின. எங்களுக்குப் புது வைக்கோல் பரப்பி, மேலே ஒரு கம்பளி கொடுத்தாள், புகையும் ஆடும் தேன்மெழுகும் கலந்த வாசம் அதற்கு, முதலில் மூச்சு முட்டியது, சாமைச் சோறு வயிற்றில் இறங்கியதும் தூங்கிப்போனேன், பூச்சி ஒன்றும் கடிக்கவில்லை, புகை இருக்கிற வீட்டில் அது தங்காது என்று தாத்தா இருட்டில் சொன்னார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி. மறுநாள் இறங்கும்போது அணை கண்ணில் படுகிறவரை பேசாமல் வந்தவர், அங்கே நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார், "தலகாணிய வெளிய போட்டத ஆயாகிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. ஆயா 1988-ல் போனாள், அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. சந்தை நாளில் அந்தக் கிழவியின் மகன் எங்கள் திண்ணையில் படுத்தெழுந்து போனபின் அவள் வழக்கம்போலச் சாணம் போட்டு மெழுகுவாள், நானும் தாத்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருப்போம்.

வெள்ளிமலையில் மறுநாள் காலை ஏழு மணிக்கு, அந்த வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண் வந்தாள், நாற்பது வயசிருக்கும், கையில் சீவக்கட்டை, வாளி, பினாயில் பாட்டில். ஓனர் ராத்திரியே போனில் அவளைப் பிடித்துத் திட்டியிருக்கிறார் என்பது அவள் கதவைத் தட்டிய விதத்திலேயே தெரிந்தது. ஐந்நூறு ரூபாய் திருப்பி வந்துவிட்டதாக மகனும் ராத்திரியே சொல்லியிருந்தான், அவனுக்கு ஜெயித்த சந்தோஷம், அந்த ஐந்நூறு யார் கணக்கில் கழிந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நேரே படுக்கையறைக்குப் போய்த் தலையணையை எடுத்தாள், உறையை உருவினாள், இரண்டு கையாலும் தூக்கி முகத்தில் வைத்து ஒரு மூச்சு இழுத்தாள்.

"ஆமாங்கய்யா" என்றாள். "வேற ஆளு தல."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன், அந்தக் கையும் அந்த முகமும் எனக்குத் தெரிந்தவை. அவள் பேசிக்கொண்டே வேலையைத் தொடங்கினாள், இந்த வீட்டோடு சேர்த்து நாலு வீடு அவள் பொறுப்பு, பதினோரு மணிக்கு ஒரு கூட்டம் காலி செய்தால் ஒரு மணிக்கு அடுத்த கூட்டம், சனி ஞாயிறு வந்தால் மூச்சு விட நேரமில்லை, துப்பட்டியும் உறையும் மாற்றி, தரை துடைத்து, குளியலறை கழுவி, காலி பாட்டில் பொறுக்கி, வாசனை அடித்துவிட்டுப் போகத்தான் ரெண்டு மணி நேரம் சரியாக இருக்கிறது. "தலகாணிக்கு வெயில் காட்டணுங்க. எங்க நேரம்? இந்த மாசம் ஒரு நாளுகூட வீடு சும்மா கெடக்கல, அதுல பாதி நாளு மேகம்." திருவல்லிக்கேணியில் ஜன்னலுக்கு எதிரே சுவர், இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வானம், வெயிலுக்கு மட்டும் ரெண்டு இடத்திலும் ஒரே பதில். தலையணை வேறு இலவம்பஞ்சு இல்லை, கையால் அமுக்கினால் அமுங்கி, விட்டால் தன்பாட்டுக்கு எழுந்துகொள்ளும் ஏதோ செயற்கைப் பஞ்சு, வெயிலில் போட்டால் உப்புமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மனைவி அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், அவள் வாசற்படியில் உட்கார்ந்து குடித்தாள், உள்ளே வந்து உட்காரு என்று மனைவி சொன்னதற்குக் காலைக் காட்டினாள், சேறு. நாங்கள் அதே மாதிரி ஈரக் காலோடுதான் நேற்று நேரே கட்டில்வரை போனோம், பெட்டியின் சக்கரத் தடம் காலைவரை தரையில் இருந்தது, அதை அவள் ஏற்கெனவே பார்த்துத் துடைத்துவிட்டிருந்தாள்.

அன்று நல்லவேளையாக மேகம் விலகியது, தலையணைகளை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டாள், நாங்கள் மேகம் என்ற பேருள்ள அருவிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது எடுத்து வைத்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன், எள்ளும் வைக்கோலும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு வாசம்.

கிளம்புகிற நாள் விடிந்ததும் நானே என் தலையணையை உறையை உருவிவிட்டு எடுத்துப்போய் மாடியில் வெயில் விழும் பக்கமாக வைத்தேன், ஏழு மணியிலிருந்து பதினோரு மணிவரை நாலு மணி நேரம், இந்த மலை வெயிலுக்கு அது என்ன காணும், இருந்தாலும் வைத்தேன். அதை எதற்கு இப்போது என்று மனைவி கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை, பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டு சாவியைக் கொடுக்க அந்தப் பெண்ணைத் தேடினேன், மாடியில் இருந்தாள். தலையணையைக் கையில் எடுத்திருந்தாள், நான் படியேறி வந்ததை அவள் கவனிக்கவில்லை, முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள், சட்டென்று என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னும் இருக்குதுங்கய்யா" என்று சொல்லி, மறுபக்கம் புரட்டிச் சுவர்மேல் வைத்தாள். கீழே, எங்கள் கார் நகர்வதற்காக இன்னொரு கார் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.